மிளகாய்க் கிட்டங்கியில் ஒரு படவிழா

எங்கள் பேட்டையில் படவிழா நடத்தலாம் என்று முதலில் சொன்னவர் ஒரு பிட்டர். திருவொற்றியூர் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களைப் பொருத்துகிற, பழுது பார்க்கிற வேலை. கல்மண்டபத்துக்கு அருகில் நாங்கள் சில பேர் சேர்ந்து நடத்திவந்த படிப்பகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவார். மவுண்ட்ரோடில் வெளிநாட்டுப் படங்களை வரிசையாகப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டு, லீவு போட்டு, க்யூவில் நின்று இரண்டு படம் பார்த்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை.

"மவுண்ட்ரோட்ல காட்டுறாங்கோ. நம்ம பேட்டைல ஏன் காட்டக் கூடாது? நம்ம ஆளுங்களுக்குக் கண்ணு இல்லியா?" என்றார்.

படிப்பகத்தில் அப்போது இருந்தது ஆறு பேர். அதில் ஒரே பெண் நான். கார்ப்பரேஷன் பெண்கள் பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சர், வயது இருபத்து நான்கு. பிட்டர் கேட்ட கேள்விக்கு மற்ற ஐந்து பேரும் யோசிக்கத் தொடங்கியபோது, காட்டலாம் என்று நான் சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதல்ல. ஆனால் சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அந்த வயதில் நான் அப்படித்தான் இருந்தேன். இப்போதும் பெரிதாக மாறிவிட்டேன் என்று சொல்ல முடியாது.

படமும் ப்ரொஜெக்டரும் கிடைப்பது நாங்கள் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. நகரத்தில் ஒரு வெளிநாட்டு நூலகம் இருந்தது. பள்ளிக்கூடங்களுக்கும் சங்கங்களுக்கும் சின்ன ப்ரொஜெக்டரை இரவல் கொடுப்பார்கள். கூடவே பெட்டியில் படச்சுருளும் வரும். பிட்டர் அங்கே போய், அவர்கள் கண் முன்னாலேயே அந்த மெஷினைக் கழற்றித் துடைத்து மாட்டிக் காட்டினார். அதற்கப்புறம் அவர்கள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

இடம்தான் இல்லை. சினிமாக் கொட்டாய்க்காரர்கள் தங்கள் கொட்டாயைத் தருவதாக இல்லை. மேலும் எங்களுக்குப் பகல் காட்சிதான் தேவைப்பட்டது. காசிமேட்டு ஆட்கள் விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள், இரவில் அவர்களைப் படத்துக்குக் கூப்பிட முடியாது. காலை ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கும் மதியம் மூன்று மணிதான் வசதி. மூன்று மணிக்கு இருட்டு எங்கே கிடைக்கும்?

இருட்டைக் கொடுத்தவர் மிளகாய் மண்டி அண்ணாச்சி. தெற்குச் சீமையிலிருந்து வந்து எங்கள் தெருவுக்குப் பின்னால் மொத்த வியாபாரம் செய்துவந்தவர். துறைமுகச் சாலை ஓரத்தில் அவருக்கு மூட்டை அடுக்கும் நீளமான கிட்டங்கி ஒன்று இருந்தது. நான் போய்க் கேட்டேன். வெளிநாட்டுப் படம் என்றதும் முகத்தைச் சுளித்தார். அதில் மீன் பிடிக்கிறவர்கள், ரயில் ஓட்டுகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள் என்று சொன்னேன். 

"மாசிக்குத்தான் சரக்கு வருது. அதுவரைக்கும் சும்மாதான கெடக்கு, எடுத்துக்கிடுங்க. ஆனா கழுவுறது உங்க பாடு," என்றார்.

கழுவினோம். மூன்று தடவை கழுவினோம். ஒரு பக்கச் சுவருக்கு நான்கு பூச்சு சுண்ணாம்பு அடித்து அதையே திரையாக்கினோம். ஜன்னல்களுக்கும் கூரை இடுக்குகளுக்கும் காசிமேட்டிலிருந்து கட்டுமரத்தில் காற்றுக்குக் கட்டும் பாய்த்துணிகளைக் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். துவர்ச்சாயம் ஏறிய அந்தத் துணி வெயிலை உள்ளே விடவே இல்லை. அனுமதி கொடுப்பதற்கு முன் இடத்தைப் பார்வையிட வந்த அதிகாரி தீ வாளிகள் எங்கே என்றார்.  அரை மணிக்குள் மீன்காரப் பெண்கள் பத்துப் பேர் கூடை கூடையாகக் கடற்கரை மணலை அள்ளிவந்து வாசலில் வரிசையாக வைத்துவிட்டார்கள். இவ்வளவு மணல் எதற்கு என்று கேட்டுக்கொண்டே அவர் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பத்துப் பேரை அழைத்து வந்தவர் ஒரு அக்கா. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவர் இல்லை. கரையில் ஏலம் எடுத்து மற்ற பெண்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறவர். நாற்பது வயது இருக்கும். கரையில் நின்று அவர் விலை சொன்னால் சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அதுவரை அவர் முகம் தெரியும், அவ்வளவுதான்.

படங்கள் எல்லாம் வேற்று மொழியில். தமிழில் கதை சொல்ல ஒருவர் வேண்டும். நகரத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு விரிவுரையாளர் மனமுவந்து வந்தார். நூலகத்தார் கொடுத்த கதைச் சுருக்கத்தை வாங்கிப்போய் எழுதித் தயார் செய்துகொண்டு, வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு மைக்கின் முன் உட்கார்ந்தார். எனக்கு அரை நாள் லீவு கிடைத்தது. கூட்டம் நிறைய வந்திருந்தது.

கதவை மூடியதும் உள்ளே வெக்கை ஏறியது. வெக்கை ஏறியதும் தரையின் விரிசல்களிலிருந்து மிளகாய் நெடி கிளம்பியது. ஒருவர் தும்மினார். அப்புறம் அது வரிசை வரிசையாகப் பரவியது. விரிவுரையாளர், "அன்னவனின் உள்ளத்தில் எழுந்த ஐயம்" என்று தொடங்கி ஒரு தும்மலில் நிறுத்தினார். சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. தும்மலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அவர் தமிழ் அழகான தமிழ்தான். ஆனால் திரையில் ஒருவன் கதவை உடைத்துக்கொண்டு ஓடும்போது இவர் இன்னும் அவன் உள்ளத்து ஐயத்தில் இருந்தார். இரண்டாவது ரீல் மாற்றும்போது திறந்த கதவு வழியாகப் பாதிப்பேர் போய்விட்டார்கள்.

காட்சி முடிந்து எல்லோரும் கிட்டங்கி வாசலில் நின்றோம்.  விரிவுரையாளரே நல்லவிதமாக, நாளைக்குத் தான் இன்னும் எளிமையாகச் செய்வதாகச் சொன்னார்.

"நாளைக்கு நான் சொல்றேன்," என்றேன்.

படிப்பகத்து ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொம்பளைப் பிள்ளை மைக்கில் பேசுவதா என்று வாய்விட்டு யாரும் கேட்கவில்லை, ஆனால் அது காதில் விழுந்தது. நாற்பது பிள்ளைகளை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் தூங்காமல் கதை கேட்க வைக்கிறவள் நான், இவர்களில் யாருக்காவது அது முடியுமா என்று கேட்டேன். விரிவுரையாளர்தான் முதலில் சரி என்று தலையாட்டினார். வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது, அவர் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார், "பேசு. ஆனா கத்தாதே. கத்துறதுக்குத்தான் மைக்கு கீது," என்றார். அதைவிட நல்ல பாடம் அந்த வாரத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமைப் படம் ஏதோ ஒரு குளிர் தேசத்தில் எடுத்தது. பெட்டி வந்து சேரும்போதே மதியம் ஆகிவிட்டது. திறந்தால் கதைச் சுருக்கத் தாள் வேறு ஏதோ படத்துடையது. தாளில் ரயில் கொள்ளை என்று போட்டிருந்தது. படத்தில் ரயிலே இல்லை. நூலகம் அன்று அரை நாளோடு மூடிவிடும். பிட்டர் முதல் ரீலை மட்டும் ஓட்டிக் காட்டினார். அதற்குமேல் நேரமில்லை.

அந்த முதல் ரீலில், பனி கொட்டும் ஒரு மீனவ ஊர். கறுப்பு உடை போட்ட ஒரு பெண் துறையில் காத்து நிற்கிறாள். படகு வருகிறது. ஒருவன் இறங்குகிறான். அவள் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்கிறாள். இருவரும் அழுகிறார்கள். பேசுவது என்ன மொழியென்றே எங்களுக்குத் தெரியவில்லை.

"இன்னா டீச்சர் பண்றது? நிறுத்திடலாமா?" என்றார் பிட்டர்.

நிறுத்த வேண்டாம் என்றேன். நூறு பேருக்கு மேல் வாசலில் நின்றார்கள். நேற்றைய பேச்சைக் கேட்டவர்கள், இன்று டீச்சர் பேசப் போகிறாள் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள். முன்வரிசைச் சாக்கில் மீன்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் அந்த அக்கா. மைக்கை எடுத்து உள்ளதைச் சொன்னேன்.

"இது எந்த ஊருன்னு எனக்குத் தெரியாது. இன்னா பாஷைன்னும் தெரியாது. ஒரு ரீல்தான் பாத்துகீறேன். மிச்சத்த உங்களோட சேந்துதான் பாக்கப் போறேன். எனக்குப் புரிஞ்சதச் சொல்றேன். தப்பா இருந்தா சொல்லுங்கோ."

பள்ளிக்கூடத்தில் நான் பேசுகிற தமிழ் வேறு. அன்று என் வாயில் வந்தது எங்கள் வீட்டில் பேசுகிற தமிழ். கூட்டம் உடனே நிமிர்ந்து உட்கார்ந்ததை இருட்டிலும் உணர்ந்தேன். அன்று தும்மலும் குறைவு. காலையில் பிட்டர் தரையில் ஈரச் சாக்கு விரித்திருந்தார்.

முதல் ரீல் நன்றாகப் போயிற்று. பனியைப் பார்த்து ஒருவர் உப்பா என்று கேட்டார், பனி என்றேன். படகு வந்தது, அவன் இறங்கினான், அவள் ஓடினாள். "புருசன் வந்துட்டான். எத்தினி நாளா காத்துகினு இருந்தாளோ, வந்துட்டான்," என்று சொல்லி, குரலை இறக்கி, ரீலை முடித்தேன். எனக்கே அது பிடித்திருந்தது.

ப்ரொஜெக்டர் ஒன்றுதான், அதனால் ஒவ்வொரு ரீலுக்கும் நடுவில் சில நிமிடங்கள் கதவைத் திறந்து வைப்போம். வெளிச்சம் வந்ததும் முன்வரிசையிலிருந்து அந்த அக்கா சொன்னார்:

"டீச்சரே, அது புருசன் இல்ல. கூடப் பொறந்தவன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கிட்டங்கி முழுக்கக் கேட்டது.

"எப்டிக்கா சொல்றே?"

"அவனக் கட்டிகினு அவன் தோளுக்கு மேல பாத்துகினு கீறா. புருசன் வந்துட்டிருந்தா பின்னால இன்னாத்தப் பாக்கப் போறா? அந்தப் படகுலருந்து இன்னொருத்தன் எறங்கணும். எறங்கல."

நான் அந்தக் காட்சியை அதற்குள் இரண்டு முறை பார்த்துவிட்டேன். அவள் அழுததைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன். கண் எங்கே போயிற்று என்று பார்க்கவில்லை. பார்க்கலாம் என்று மைக்கில் சொன்னேன். வழக்கமாக இப்படி ஒரு பேச்சு வந்தால் எங்கள் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்துவார்கள். அன்று ஒருவரும் பேசவில்லை. எனக்கு அது வினோதமாக இருந்தது.

பிட்டர் பிலிமை மாட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல், என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார்: "அவங்க புருசனும் தம்பியும் ஒரே கட்டுமரத்துல போனாங்கோ, அந்தப் புயல்ல. தம்பி மட்டும்தான் வந்தாரு."

அந்த அறையில் அது தெரியாத ஒரே ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன். நான்கு தெரு தள்ளி வாழ்ந்தவள். மைக்கைக் கீழே வைத்துவிட்டு அக்காவிடம் போய்க் குனிந்தேன். வேண்டாமென்றால் நிறுத்திவிடுகிறேன், வேறு படம் இருக்கிறது என்று காதோரம் சொன்னேன்.

"நிறுத்திடாதே," என்றார். "அவ இன்னா பண்றான்னு நான் பாக்கணும்."

இரண்டாவது ரீலில் அவன் அவள் வீட்டில் படுக்கவில்லை. வலை வைக்கிற கொட்டகையில் படுத்தான். அதற்கப்புறம் ஒரு மாதா கோயில், கறுப்பு உடையில் ஊர் முழுக்க, ஆனால் சவப்பெட்டி இல்லை. பிணம் இல்லாத சாவு. அப்புறம் அவள் வீட்டுச் சுவரில் ஒரு கல்யாணப் படம். அதில் அவள் பக்கத்தில் நின்றவன் வேறு ஆள்.

"அக்கா சொன்னதுதான் சரி. நான் தப்பாச் சொல்லிட்டேன்," என்று மைக்கில் சொன்னேன். ஒரு பெரிய மூச்சு கிட்டங்கி முழுக்க எழுந்து அடங்கியது. அடுத்த இடைவெளியில் என் பக்கத்தில் வந்து உட்காரும்படி அக்காவைக் கேட்டேன். மைக்கை நீட்டினேன்.

"இது இன்னாத்துக்கு? எனக்குத் தொண்ட கீது," என்று அதைத் தள்ளிவிட்டு, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

மூன்றாவது ரீலிலிருந்து நாங்கள் இருவரும் கதை சொன்னோம். வீடு, தெரு, கோயில் வந்தால் நான். கடல் வந்தால் அவர். அந்த ஊர்க் கடல் எங்கள் கடல் மாதிரி இல்லை, படகும் வேறு, கயிறு கட்டும் முறையும் வேறு. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, கரையில் நிற்கிற கிழவர்கள் ஏன் பேச்சை நிறுத்தினார்கள், தம்பிக்காரன் ஏன் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அவன் தன் அக்காளுக்குப் பயப்படுகிறான், தான் மட்டும் திரும்பி வந்ததற்காக, என்றார். ஏல விலை சொல்கிற அதே குரல், வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்ட மாதிரி. பின்வரிசையில் ஒரு ஆள் தேம்புவது கேட்டது. அது அவருடைய தம்பி என்று அப்புறம் தெரிந்துகொண்டேன்.

கடைசி ரீலில் அந்தப் பெண் தனியாகப் படகைத் தள்ளிக்கொண்டு கடலில் இறங்கினாள். தம்பி கரையில் ஓடி வந்து கத்துகிறான். அவள் திரும்பவில்லை.  "ஐயோ, சாவப் போறாளே," என்று மைக்கில் சொல்லிவிட்டேன்.

"சாவப் போறவ வலய எடுத்துகினு போவாளா?" என்றார் அக்கா, என் பக்கம் திரும்பாமலே. "தொயிலுக்குப் போறா."

படகின் முனையில் வலை சுருட்டி வைத்திருந்தது. அப்போதும் நான் பார்க்கவில்லை. படகு சின்னதாகிக்கொண்டே போய்ப் படம் முடிந்தது.

பிட்டர் விளக்குப் போட்டார். உடனே எல்லோரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினார்கள். பொம்பளை கடலுக்குப் போகலாமா என்று ஒரு கட்சி, போகாமல் எதைத் தின்பாள் என்று இன்னொரு கட்சி. அக்கா இரண்டிலும் சேரவில்லை. தம்பியை அழைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றார். அவர் முகத்தில் அழுகை இல்லை. வேலை ஒன்றை ஒழுங்காக முடித்த களைப்பு இருந்தது. நன்றி சொல்லப் போனேன். நாளைக்கும் இதையே போடுவாயா என்று கேட்டார். காசிமேட்டில் இன்னும் நிறையப் பேர் பார்க்க வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு வேறு படம் ஏற்பாடாகியிருந்தது. அதனால் காலை பதினோரு மணிக்கு, மீன் விற்று முடிந்ததும், இதை மறுபடி போட்டோம். அறிவிப்பு எதுவும் ஒட்டவில்லை. உள்ளே இடம் போதாமல் பிட்டர் பக்கக் கதவைத் திறந்து, வெளியே ஒரு பாயைக் கூடாரமாகக் கட்டி, அதன் கீழும் ஆட்களை உட்கார வைத்தார். விரிவுரையாளர் வந்து சாக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அண்ணாச்சி கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு வந்தார். இந்த முறை எனக்குக் கதை தெரியும். இருந்தாலும் அதிகம் பேசாமல் அக்காவுக்கே விட்டுவிட்டேன்.

படம் பாதியில் நூலகத்து அதிகாரி வந்தார். தாள் மாறிப்போனதைக் கண்டுபிடித்து, லீவு நாளிலும் சரியான தாளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார், நல்ல மனிதர். பின்னால் நின்று அதைப் படித்துக்கொண்டே அக்கா சொல்வதைக் கேட்டார். முடிந்ததும் என்னிடம் வந்து, தம்பி என்பது சரி, கோயில் சரி, எல்லாம் சரி, முடிவு மட்டும் தாளில் வேறு மாதிரி இருக்கிறது என்றார். கணவன் இறந்த இடத்தில் பூப்போடத்தான் அவள் போகிறாள் என்று எழுதியிருந்தது.

அக்காவிடம் அதைச் சொன்னேன். தாளை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இத்த எய்தினவரு கடலுக்குப் போனவரா?" என்று கேட்டார்.

இருக்காது என்றார் அதிகாரி.

"பூப்போடப் போறவளுக்கு வல எதுக்கு?" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதிகாரி சிரிக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த வருடம் நடத்துகிறீர்களா என்று என்னிடம் கேட்டார். நடத்துவோம் என்றேன். யாரையும் கலந்துகொள்ளாமல்தான் சொன்னேன்.

நடத்தினோம். மொத்தம் நான்கு வருடம், அண்ணாச்சி அந்தக் கிட்டங்கியை இடித்துப் பெரிதாகக் கட்டும் வரைக்கும். இரண்டாம் வருடம் படம் தேர்ந்தெடுக்க நூலகத்துக்குப் போகும்போது அக்காவையும் கூட்டிப்போனேன். கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு, தலைக்குப் பூ வைக்காமல், கையை வீசிக்கொண்டு வந்தார். அங்கே ஒரு சின்ன அறையில் எங்களுக்காக ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் ஓட்டிக் காட்டினார்கள். முதல் படத்தில் ஒரு பணக்கார வீட்டுப் பெண் சோபாவில் விழுந்து விழுந்து அழுதாள். "இது வேணாம். பக்கத்துல ஆளு இருக்கான்னு பாத்து அயுவுறா," என்று அக்கா எழுந்துவிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆற்றைக் கடக்கிற படம் ஒன்றை மட்டும் இரண்டு தடவை போடச் சொன்னார்.

ஐந்து படம் எடுத்து வந்தோம். மூன்று அவர் சொன்னது, இரண்டு நான் சொன்னது. அவருடைய மூன்றுக்கும் கிட்டங்கி நிரம்பியது. என்னுடைய இரண்டில் ஒன்றுக்கு, வயதான ஒரு கடிகாரக்காரரின் கதை அது, பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். அக்கா கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, எனக்கும் பிடிக்கவில்லை டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனார். அது நல்ல படம். இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.